பாய்ம உலையும் காப்புரிமை ஆய்வும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

முன்னுரை

அறிவியல் வகுப்பில் நாம் பல கருவிகளைப் படிக்கிறோம். அமைப்பு, வேலை செய்யும் விதம், பயன்கள் என்று தலைப்பிட்டு, படம் வரைந்து, பாகம் குறித்துத் தேர்வு எழுதுகிறோம். அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் அதற்கு உரிமை பெற்றது எப்படி, அந்த உரிமை எதுவரை செல்லும் என்ற கேள்விகள் நம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் எழும் கேள்விகள் இவைதான். ஆகவே பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் படித்தறிந்த இவ்விஷயத்தை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். உதாரணத்துக்கு ஒரு பாய்ம உலையை எடுத்துக்கொண்டு, காப்புரிமை அலுவலகம் அதன் கோரிக்கைகளிலும் வரைபடங்களிலும் என்னென்ன குறை காணக்கூடும் என்று பார்ப்போம்.

காப்புரிமை ஒரு பண்டமாற்று

‘பேடண்ட்’ என்று வழக்கில் சொல்லும் காப்புரிமையைப் பலர் ஒரு பரிசு என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு பண்டமாற்று. கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பு முழுவதையும் ஒளிவுமறைவின்றி எழுதி நாட்டுக்குக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் தம் அனுமதியின்றி அதைச் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை நாடு அவருக்குக் கொடுக்கிறது. இருபது ஆண்டு முடிந்தபின் அது எல்லோருக்கும் பொது.

இந்தியாவில் இதற்கு முதன்முதலில் சட்டம் வந்தது 1856-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் 3-ஆம் நாள் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்பவர் பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். பின்னர் வந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பிறகும் நீடித்தது. அதை ஆராய்ந்து 1959-இல் விரிவான அறிக்கை அளித்தவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். அவ்வறிக்கையின் அடிப்படையில் எழுந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் அதுவே நம் சட்டமாக இருக்கிறது. தமிழகத்தில் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

விண்ணப்பத்தின் உயிர்நாடி ‘முழு விவரக்குறிப்பு’ எனும் ஆவணம். அதில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. முதலாவது விளக்கம்: துறையறிந்த ஒருவர் படித்தவுடன் தாமே செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது வரைபடம். மூன்றாவது உரிமைக் கோரிக்கைகள்: ‘இதுவரை எனக்கு உரியது’ என்று எல்லை குறிக்கும் வாசகங்கள். நிலப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறார்களே, அதுதான் கோரிக்கை. கூட வைக்கும் புலப்படம்தான் வரைபடம். நான்கெல்லையில் வடக்கே ஓடை என்று எழுதிவிட்டுப் படத்தில் ஓடையே இல்லாவிட்டால் சார்பதிவாளர் கேள்வி கேட்பாரா, மாட்டாரா? காப்புரிமை ஆய்வாளரும் அப்படித்தான் கேட்கிறார்.

பாய்மப் படுகை என்றால் என்ன?

கண்ணாடிக் குழாய் ஒன்றின் அடியில் துளையிட்ட தட்டைப் பொருத்தி, அதன்மேல் மணலைக் கொட்டி, கீழிருந்து காற்றை மெல்லச் செலுத்துவோம். முதலில் காற்று மணலின் இடுக்குகள் வழியே கசிந்து போகும், மணல் அசையாது. காற்றைக் கூட்டக் கூட்ட, மணலின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு உயரும். அந்த வேறுபாடு தரும் மேல்நோக்கிய விசை மணலின் எடைக்குச் சமமாகும் கணத்தில் மணல் முழுவதும் தளர்ந்து மிதக்கத் தொடங்கும். அதற்குமேல் காற்றைக் கூட்டினாலும் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். மணல் மட்டும் கொதிக்கும் நீர்போல் குமிழியிடும். இப்போது அந்த மணல் திரவம்போல் நடந்துகொள்கிறது. லேசான பொருள் மிதக்கிறது, கனமானது மூழ்குகிறது, பக்கத்தில் துளையிட்டால் மணல் ஒழுகுகிறது. இதுவே பாய்மப் படுகை.

ஒரு சிறு கணக்கு. மணற்படுகையின் உயரம் அரை மீட்டர்; ஒரு கன மீட்டர் மணலின் எடை 1,500 கிலோ என்க. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின்மேல் 750 கிலோ மணல் நிற்கிறது. இதைத் தூக்கிப் பிடிக்க ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் போதும். ஊதுவிசிறியைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவும்.

படுகையெங்கும் வெப்பம் சீராகப் பரவுவதால் உலைகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் நிலக்கரியிலிருந்து வாயு எடுக்க இதனைக் கையாண்டு 1922-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1926-இல் லாய்னா என்ற ஊரில் அவருடைய உலை பெரிய அளவில் இயங்கியது. அமெரிக்காவில் கேம்ப்பெல், மார்ட்டின், மர்ஃப்ரீ, டைசன் என்ற நால்வர் பெட்ரோலியத்தை உடைக்கும் பாய்ம உலையைக் கண்டனர். நம் தமிழ்நாட்டில் மணலிச் சுத்திகரிப்பு ஆலையில் அவ்வகை உலை உண்டு. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் சுழலும் பாய்மப்படுகைக் கொதிகலன்களால் இயங்குபவை. நமக்கு மேலே மூணாற்று மலையில் உள்ளவை போன்ற தேயிலைத் தொழிற்சாலைகளில் தேயிலை உலர்த்தவும் இதே தத்துவம் பயன்படுகிறது.

ஒரு கற்பனை விண்ணப்பம்

இனி நம் ஊருக்கு வருவோம். போடி மலைச்சரிவுகளில் பறிக்கும் பச்சை ஏலக்காயில் எடையில் எழுபது, எண்பது விழுக்காடு நீர். அதை ‘ஸ்டோர்’ என்று நாம் சொல்லும் உலர்த்தும் கட்டடத்தில் 45 முதல் 55 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு பகலும் ஓர் இரவுமாக உலர்த்தி, ஈரத்தைப் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பல ஸ்டோர்களில் எரிபொருள் விறகு. விறகுக்குப் பதிலாகக் காப்பித் தோலை எரித்தால் மரம் மிஞ்சும், மலைக்கும் நல்லது. ஆனால் காப்பித் தோலின் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அது மணலின் சிலிக்காவோடு சேர்ந்து உலை வெப்பத்திலேயே இளகும் சிலிக்கேட்டாகி, மணலைக் கட்டியாக்கிவிடும். கட்டி சேர்ந்தால் படுகை மிதக்காது, உலை நின்றுபோகும்.

இதற்குத் தீர்வாக ஒருவர் ஓர் உலை அமைத்து விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடத்துக்காக நானே புனைந்த விண்ணப்பம் இது. அவருடைய கோரிக்கைகள் நான்கு:

1. எந்த எரிபொருளையும் ஏதேனும் ஒரு பாய்மத்தின் உதவியால் மிக விரைவாகவும் திறம்படவும் எரித்துத் தேவையான வெப்பம் தரும், கட்டி பிடிக்காத உலை.

2. கோரிக்கை 1-இல் உள்ளவாறு, அந்தத் தட்டு கூம்பு வடிவில் அமைந்த உலை.

3. மேற்படி உலையைப் பயன்படுத்தி ஏலக்காயை 50 பாகையில் உலர்த்தும் முறை.

4. உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் ஆடும் சல்லடை.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுவோம். ஆய்வாளர் மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கோரிக்கைகள் மீது ஆட்சேபணைகள்

விண்ணப்பித்தவுடன் ஆய்வு தொடங்குவதில்லை. ஆய்வு செய்யுமாறு தனியே மனுக் கொடுக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு விதித் திருத்தத்துக்குப் பின் வரும் விண்ணப்பங்களுக்கு இதற்கான காலம் 31 மாதங்கள். பிறகு ஆய்வாளர் உலகத்து ஆவணங்களைத் தேடிப் பார்த்து அறிக்கை தருகிறார். அதன் அடிப்படையில் விண்ணப்பதாரருக்கு ‘முதல் ஆய்வறிக்கை’ அனுப்பப்படுகிறது. நம் கற்பனை விண்ணப்பத்துக்கு அதில் வரக்கூடிய ஆட்சேபணைகள் இவை.

முதலாவது, புதுமை இன்மை. பாய்மத்தால் எரிபொருளை மிதக்கவிட்டு எரிக்கும் உலை விங்க்லர் காலத்துக்குப் பிறகு எத்தனையோ ஆவணங்களில் உள்ளது. கோரிக்கை 1-இன் சொற்கள் அத்தனை பழைய உலைகளையும் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. பழையதை அடக்கும் கோரிக்கை புதியது ஆகாது.

இரண்டாவது, புத்தாக்கப் படி இன்மை. நிலக்கரிக்குப் பதில் காப்பித் தோல் என்று மாற்றியதை மட்டும் சொன்னால், துறையறிந்த எவருக்கும் தோன்றக்கூடிய மாற்றம்தானே என்று ஆய்வாளர் கேட்பார். கூம்புத் தட்டும் வேறு உலைகளில் முன்பே உண்டு. அப்படியானால் இவருடைய சொந்தச் சரக்கு எது? அதைக் கோரிக்கை சொல்லவில்லை.

மூன்றாவது, தெளிவின்மை. ‘மிக விரைவாக’ என்றால் எதைவிட விரைவாக? ‘திறம்பட’ என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? ‘தேவையான வெப்பம்’ யாருக்குத் தேவையான வெப்பம்? ‘கட்டி பிடிக்காத’ என்பது விளைவு. அந்த விளைவைத் தரும் அமைப்பு எங்கே? கோரிக்கை தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 10-ஆம் பிரிவு. புகழ்ச்சி உரை விளம்பரத்துக்கு ஆகும், எல்லைக்கு ஆகாது.

நான்காவது, விளக்கத்தில் ஆதாரமின்மை. பாய்மம் என்ற சொல்லில் காற்று, நீராவி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் அடங்கும். ‘எந்த எரிபொருளும்’ என்பதில் பெட்ரோல்கூட அடங்கும். அவர் செய்து காட்டியதோ காற்றும் காப்பித் தோலும் மட்டுமே. காட்டிய அளவுக்குத்தான் கேட்கலாம்.

ஐந்தாவது, முன்சுட்டு இன்மை. கோரிக்கை 2-இல் ‘அந்தத் தட்டு’ என்கிறார். கோரிக்கை 1-இல் தட்டு என்ற சொல்லே கிடையாது. எந்தத் தட்டு?

ஆறாவது, ஒருமை இன்மை. ஒரு விண்ணப்பத்தில் ஒரே கண்டுபிடிப்புத்தான், அல்லது ஒரே கருத்தால் பிணைந்த கண்டுபிடிப்புகள்தான் இருக்கலாம். கட்டி பிடிக்கும் உலைக்கும் ஏலக்காய்ச் சல்லடைக்கும் என்ன உறவு? சல்லடையை நீக்க வேண்டும்; அல்லது அதற்கென்று விண்ணப்பத்தைப் பிரித்துத் தனியே போட வேண்டும்.

ஏழாவது, சட்டத்தின் 3-ஆம் பிரிவு. தெரிந்த முறையையோ இயந்திரத்தையோ வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது என்று அப்பிரிவின் ‘ஈ’ உட்பிரிவு கூறுகிறது. 50 பாகையில் ஏலக்காய் உலர்த்துவது நம் மலையில் நெடுநாளைய வழக்கம். கோரிக்கை 3 இதில் சிக்கிக்கொள்கிறது.

இவற்றைப் படித்ததும் விண்ணப்பம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இது மறுப்பு ஆணை அன்று, கேள்வித்தாள். அறிக்கை தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில் எழுதிக் கோரிக்கையைத் திருத்தலாம். வேண்டினால் மேலும் மூன்று மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். பதிலே எழுதாவிட்டால்தான் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

நம் விண்ணப்பதாரர் தம் சொந்தச் சரக்கு எது என்று மீண்டும் எண்ணிப் பார்க்கிறார். கோரிக்கை 1-ஐ இப்படித் திருத்துகிறார்:

‘காப்பித் தோலை எரித்து வெப்பம் தரும் உலை, மணற்படுகையைத் தாங்கும் நிலைக்குத்தான உருளை (10), அவ்வுருளையின் அடியில் கீழ்நோக்கிக் குவியும் கூம்பாக அமைந்த காற்றுப் பகிர்வுத் தட்டு (12), அத்தட்டில் ஒரே சுற்றுத்திசையில் சாய்வாக இடப்பட்ட துளைகள் (14), அத்தட்டின் நடுவிலிருந்து கீழே செல்லும் கட்டி இறங்கு குழாய் (16), அக்குழாயினுள் மேல்நோக்கிக் காற்றைச் செலுத்திக் கட்டியாகாத மணலை மீண்டும் படுகைக்குத் தள்ளும் காற்றுமூக்கு (18) ஆகியவற்றைக் கொண்டது.’

முன்னதைவிட எல்லை சுருங்கிவிட்டது உண்மைதான். ஆனால் இது அளந்து கல் நட்ட எல்லை. இதில் புகுந்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். முதல் கோரிக்கையை வைத்து யாரையும் நிறுத்த முடியாது.

வரைபடங்கள் மீது ஆட்சேபணைகள்

கோரிக்கையில் அடைப்புக்குறிக்குள் எண்கள் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அவை வரைபடத்தில் உள்ள பாகங்களின் எண்கள். கோரிக்கையும் படமும் கைகோர்க்கும் இடம் இதுதான். நம் விண்ணப்பதாரரின் படங்களில் ஆய்வாளர் காணக்கூடிய குறைகள்:

முதல் படத்தில் 12 என்ற எண் தட்டைக் குறிக்கிறது; இரண்டாம் படத்தில் அதே எண் தூசி பிரிக்கும் சூறைக்கலத்தைக் குறிக்கிறது. ஒரு பாகத்துக்கு ஓர் எண். அது எல்லாப் படத்திலும் மாறாமல் இருக்க வேண்டும்.

கோரிக்கையில் வரும் காற்றுமூக்கு (18) எந்தப் படத்திலும் இல்லை. கட்டியையும் நல்ல மணலையும் பிரிப்பது அதுதான்; கண்டுபிடிப்பின் இதயமே அது. இதயமில்லாத படத்தை ஆய்வாளர் எப்படி ஏற்பார்?

உருளையின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்று படத்தில் அளவு குறித்திருக்கிறார். நம் ஆய்வுக்கூடப் பதிவேட்டில் அளவு குறிக்காவிட்டால் மதிப்பெண் குறையும். இங்கே நேர்மாறு. காப்புரிமை வரைபடத்தில் அளவு குறிக்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆம் விதி சொல்கிறது. அப்படத்தின் நோக்கம் பாகங்களின் உறவைக் காட்டுவது. கொல்லனுக்கு அளவு கொடுப்பது அன்று.

‘இங்கே காப்பித் தோல் போடவும்’ என்று படத்துக்குள் எழுதியிருக்கிறார். ஓட்டப்படம் தவிர மற்றப் படங்களில் விளக்க வாசகம் கூடாது. விளக்கம் அதற்குரிய பக்கத்தில் இருக்க வேண்டும்.

தாள் ஏ4 அளவு. மேலும் இடப்புறமும் குறைந்தது 4 சென்டிமீட்டர், கீழும் வலப்புறமும் 3 சென்டிமீட்டர் ஓரம் விட வேண்டும். இடப்புற மேல்மூலையில் விண்ணப்பதாரர் பெயர், வலப்புற மேல்மூலையில் தாள் எண், வலப்புறக் கீழ்மூலையில் கையொப்பம். இவை சிறு குறைகள். ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்துவிடலாம். காற்றுமூக்கின் குறை அப்படிப்பட்டது அன்று.

திருத்தத்தின் எல்லை

காற்றுமூக்கைப் பற்றி விளக்கப் பகுதியில் தெளிவாக எழுதிவிட்டு, படத்தில் மட்டும் விட்டிருந்தால் படத்தைத் திருத்தித் தரலாம். விளக்கத்திலும் எழுதவில்லை, படத்திலும் இல்லை என்றால்? அப்போது வழியில்லை. சட்டத்தின் 59-ஆம் பிரிவு கண்டிப்பானது. எல்லையைச் சுருக்கலாம், பிழை திருத்தலாம், விளக்கிச் சொல்லலாம்; முதலில் சொல்லாத எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. மனத்தில் இருந்தது, உலையிலும் இருந்தது, தாளில் மட்டும் இல்லை என்பவருக்குச் சட்டம் உதவாது. தாளில் இருப்பதே கண்டுபிடிப்பு.

இதனால்தான் சட்டம் ஒரு முன்வாசலையும் வைத்திருக்கிறது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து நாளைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். அந்த ஓராண்டில் உலையை ஓட்டிப் பார்த்து விட்டுப்போனவற்றை எழுதிச் சேர்க்கலாம்.

வழக்குகள் காட்டிய பாடம்

அளவுக்கு மீறிக் கேட்டவர்கள் உலகில் பலர். தந்தியைக் கண்ட சாமுவேல் மோர்ஸ், மின்காந்த ஆற்றலால் தொலைவில் எழுத்தைப் பதிக்கும் எந்த வழியும் தமக்கே என்று எட்டாவது கோரிக்கையில் எழுதினார். 1854-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய மற்றக் கோரிக்கைகளை ஏற்று, எட்டாவதை மட்டும் தள்ளியது. சாயர், மேன் என்ற இருவர் மின்விளக்கு இழைக்கு எல்லாவகை நார்ப்பொருளும் எங்களுடையது என்றனர். ஆனால் எடிசன் 6,000-க்கு மேற்பட்ட தாவர வகைகளைச் சோதித்த பிறகே ஏற்ற மூங்கிலைக் கண்டார். எல்லா நாரும் ஒளிராதபோது எல்லா நாரையும் எப்படிக் கேட்கலாம் என்று 1895-இல் அதே நீதிமன்றம் கேட்டது.

நம் நாட்டு வழக்கொன்று மிர்சாப்பூர் பாத்திரப் பட்டறைகளிலிருந்து வந்தது. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு 1951-ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் பேரில் கிடைத்த காப்புரிமை அது. 1978 டிசம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் அது பழைய கருவியில் செய்த பட்டறை மாற்றமே, கண்டுபிடிப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது. புத்தாக்கப் படி எது என்று கேட்கும்போது இன்றும் வழக்கறிஞர்கள் காட்டும் தீர்ப்பு இது.

பாய்ம உலைக்கே ஒரு பாடம் உண்டு. முன்சொன்ன அமெரிக்க நால்வரின் விண்ணப்பம் 1940 டிசம்பர் 27-இல் தரப்பட்டது. லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் முதல் ஆலை 1942 மே மாதம் ஓடத் தொடங்கிவிட்டது. காப்புரிமை வந்ததோ 1948 அக்டோபர் 19-இல். ஆலை ஓடி ஆறாண்டு கழித்துத்தான் தாள் கைக்கு வந்தது. ஆனால் முதல் நாள் தாள் சரியாக இருந்ததால்தான் கடைசி நாள் தாள் கிடைத்தது.

நமக்கு என்ன?

இதெல்லாம் பெரிய ஆலைக்காரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று சில நண்பர்கள் கேட்கலாம். நான் பொட்டிபுரத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நானே. 2015 ஜனவரியில் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது எங்கள் ஊர்ப் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவி. வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் அறிக்கை, அனுமதி, வரைபடம் என்று தாள்களைக் காட்டியே பேசினார்கள். அந்தத் தாள்களைப் படித்து விளக்கிச் சொல்லும் ஆள் எங்கள் தெருவில் இல்லை. தொழில்நுட்பத் தாளைப் படிக்கவும் எழுதவும் தெரிவது எவ்வளவு பெரிய பலம் என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

என் தந்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புப் பார்க்கிறார். வெளியே அடுப்பு, அதன் புகை தகரக் குழாய் வழியே அறைக்குள் சுற்றிவந்து வெளியேறும், குழாய்க்கு மேலே தட்டுகளில் காய். அடுப்புக்கு அருகில் உள்ள குழாய் அதிகம் சுடுவதால் அங்குள்ள காய் பச்சை நிறம் இழக்கும். கோடியில் உள்ள காயோ ஈரம் போகாமல் கிடக்கும். இதற்கு அவர் ஒரு வழி செய்தார். அடுப்பை ஒட்டிய முதல் ஆறடிக் குழாய்க்கு மேலே, நான்கு விரல் இடைவெளி விட்டு, பிறை வடிவில் வளைத்த இரும்புத் தகட்டைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, அதன் குழிவில் ஒரு விரற்கடை மணல் பரப்பினார். குழாயின் நேர்வெப்பம் தகட்டில் தடைப்பட்டது. மணல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அடுப்புத் தணிந்த நேரத்தில் திருப்பிக் கொடுத்தது. நிறம் மாறிய காய் குறைந்தது. பக்கத்து ஸ்டோர்க்காரர்கள் வந்து பார்த்துத் தாங்களும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அதற்குக் காப்புரிமை கேட்க முடியுமா என்று நான் சட்டத்தைப் புரட்டினேன். முடியாது. விண்ணப்பிக்கும் முன் வெளிப்படையாகப் பயன்படுத்திய ஒன்று புதுமை ஆகாது. ஆனால் அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நாளைக்கு வேறு ஒருவர் அந்தத் தகட்டைத் தம் கண்டுபிடிப்பு என்று கேட்டால், அவருக்கும் அது கிடைக்கக் கூடாது. வெளியிடப்பட்ட விண்ணப்பத்தின் மீது, உரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது 25-ஆம் பிரிவு. அதற்கு வேண்டியது சான்று. அதிலும் தேதியிட்ட அச்சுச் சான்று வலுவானது.

மஞ்சள் வழக்கு இதைத்தான் காட்டியது. காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் பாட்டிமார் அறிந்தது. இருந்தும் 1995-இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் எடுத்துக்காட்டி எதிர்த்ததால் 1997-இல் அது நீக்கப்பட்டது. வழக்கை வென்று தந்தவை ஏட்டில் இருந்த சொற்கள்.

ஆகவேதான் என் தந்தையின் தகட்டைப் பற்றி, நீளம், இடைவெளி, மணலின் கனம் உட்பட இங்கே எழுதியிருக்கிறேன். இம்மலர் அச்சாகி நூலகத்தில் வைக்கப்படும் நாள்முதல் அது வெளியிடப்பட்ட முன்னறிவு ஆகிவிடுகிறது. அதை எந்த ஸ்டோர்க்காரரும் வைத்துக்கொள்ளலாம். எவரும் தமக்கு மட்டுமே என்று பூட்ட முடியாது.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் பலருடைய வீடுகளில் இத்தகைய கைத்திறன் இருக்கும். செக்கில், தறியில், செங்கல் சூளையில், ஜீப் பட்டறையில் பெற்றோர் செய்த சிறு மாற்றங்கள் எத்தனையோ. விடுமுறையில் ஒன்றையாவது கேட்டு எழுதுங்கள். பாகங்களுக்கு எண் இட்டுப் படம் வரையுங்கள். ஒரு பாகத்துக்கு ஓர் எண் போதும். ‘நன்றாக’, ‘விரைவாக’ என்பவற்றை விட்டு, எது எதோடு எப்படிப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். தேதி இடுங்கள். புதியதாக இருந்தால் எவருக்கும் காட்டுமுன் விண்ணப்பம் போடலாம். இணையவழியில் தனி மனிதருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வுக் கட்டணம் 4,000 ரூபாய், பத்துக் கோரிக்கைகளுக்கு மேற்போனால் கூடுதல். பழகியதாக இருந்தால் அடுத்த ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம். எதுவாயினும் முதலில் தாளில் ஏற வேண்டும்.